திருப்பி அனுப்பியவர்களின் பட்டியல்

குடியாத்தத்தை ஒட்டிய எங்கள் ஊரில் ஒரே மாதத்தில் இரண்டு இலவசக் கண் முகாம்கள் நடந்தன. ஒன்று லயன்ஸ் சங்கம் நடத்தியது, இன்னொன்று ரோட்டரி சங்கம். இரண்டுக்கும் வந்தது பெரும்பாலும் அதே ஆட்கள். சர்க்கரை அதிகம், பிரஷர் அதிகம் என்று இரண்டிலும் திருப்பி அனுப்பப்பட்டதும் அதே ஆட்கள்தான். டாக்டர்களைக் குறை சொல்ல முடியாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் ஆபரேஷன் செய்து கண்புரை எடுத்தால் கண்ணில் கிருமி தாக்கும் ஆபத்து கூடும். ஆனால் திரும்பிப் போனவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. நாற்காலி போட்டு மோர் கொடுத்ததோடு எங்கள் அறக்கட்டளையும் நிறுத்திக்கொண்டது.

எனக்கு அது உறைத்தது எதிர்வீட்டு ஆயாவால். சிறு வயதிலிருந்து பீடி சுற்றுகிறவர். முறத்தை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலுக்குள் இருப்பது இலையா விரலா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு வெட்டும். "ரெண்டு தபா போய்ட்டு வந்துட்டேன்பா. சக்கரை கீதாம், அப்புறம் வான்றாங்க. அப்புறம்னா எப்பப்பா?" என்றார்.

திருப்பி அனுப்பியவர்களுக்காகச் சேர்ந்து வேலை செய்யலாம் என்று இரண்டு சங்கத்துச் செயலாளர்களையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்தேன். "1925இல் பார்வையற்ற எழுத்தாளர் ஹெலன் கெல்லர் எங்களிடம் கேட்டுக்கொண்ட வேலை சார் இது, நாங்கள் விட மாட்டோம்" என்றார் லயன்ஸ் செயலாளர். அந்தப் பிடிப்பு எனக்குப் பிடித்திருந்தது. சரி, தட்டி பேனரில் யார் பெயர் மேலே? இதற்கே இரண்டு கூட்டம் ஆனது. மருத்துவமனை பெயர் மேலே, மூன்று அமைப்புகளும் கீழே ஒரே அளவு எழுத்தில் என்று முடிவானது. முகாம் நடத்த நினைக்கிறவர்கள் இதை முதல் நாளே பேசிவிடுங்கள். கடைசி நாளில் வரும் மனக்கசப்பு லேசில் ஆறாது.

பழைய முகாம் நோட்டுகளைக் கேட்டு வாங்கி, திருப்பி அனுப்பியவர்களின் பெயர்களை மட்டும் தனியாக எழுதினோம். வீடு வீடாகப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் பட்டியலில் இருந்த பலர் அதில் பதியவே இல்லை. சிலர் மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு, தலை சுற்றினால் மட்டும் போட்டார்கள். ஆயாவும் அப்படித்தான். சுகாதாரத் தன்னார்வலரை அழைத்துவந்து விடுபட்டவர்களைப் பதிய வைத்தோம். குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் ரோட்டரி வாங்கித் தந்தது. வாரம் ஒரு நாள், பீடி வேலை தொடங்கும் முன், கோயில் வாசலில் சோதனை. எண்ணை அவரவர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தோம். தன் எண்ணைப் பக்கத்து வீட்டாரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மாத்திரை தவறவில்லை.

இரண்டு மாதம் கழித்துத்தான் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டோம். மருத்துவமனைத் தேதியும் பஸ்ஸும் லயன்ஸ் பொறுப்பு. ஆதார் நகல், மாத்திரைச் சீட்டு, மாற்றுப் புடவை எல்லாம் முந்தின இரவே வீட்டில் சரிபார்த்தோம்.

ஆபரேஷனுக்குப் பிறகுதான் பெரிய வேலை. சொட்டு மருந்து வாரக்கணக்கில் விட வேண்டும், நாள் போகப் போக வேளை குறையும். தனியாக இருக்கும் கிழவிக்கு யார் விடுவது? மகளிர் குழுப் பெண்கள் தெருவுக்கு ஒருவராக ஏற்றுக்கொண்டார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, மருந்துக்குப்பியின் முனை கண்ணில் படாமல் பிடிப்பது எல்லாம் நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதற்குத்தான் ஆயா சண்டை போட்டார்.

இப்போது தடவிப் பார்க்காமல் இலை வெட்டுகிறார். பட்டியலில் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள், சர்க்கரை இறங்கவில்லை. வருகிற ஞாயிறு கோயில் வாசலில் அவர்களுக்கு மறுபடி சோதனை.