பிறக்கும் குஞ்சுகளுக்கு முதலில் இடம்: கொழும்புத் தொடர்மாடியில் ஃபைட்டர் மீன் இனம்பெருக்கிய அனுபவம்

ஃபைட்டர் மீனை இனம்பெருக்குவதில் உள்ள முதற் சிக்கல், அது மிகவும் எளிதாக நடந்துவிடும் என்பதே. நல்ல தீனி கண்ட ஒரு சோடி ஒரே தடவையில் சில நூறு முட்டைகள் வரை இடக்கூடும். அவற்றிற் பாதி பிழைத்தாலே, இரண்டு மூன்று மாதங்களில் ஆண்குஞ்சுகள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்க, ஒவ்வொன்றுக்கும் தனிப் போத்தலும் தனித் தண்ணீரும் தேவைப்படும். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் எனக்குக் கிடைத்த இடமோ, உடுப்புக் காயப்போடும் பின்பக்கப் பல்கனியும் அதை ஒட்டிய சாமான் அறையும்தான். ஆகவே போத்தல் வைக்கத் தட்டுகளை அடித்து, குஞ்சுகளை யார் யார் எடுப்பார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிய பின்னரே மீன் வாங்கப் போனேன். “பிள்ளை பிறக்க முதலே பேர் வைக்கிற ஆள் நீங்கள்தான்” என்று மனைவி சிரித்தார்.

கடையில் மிக அழகாகத் தெரியும் மீனே பெரும்பாலும் இனம்பெருக்கத்திற்கு மிகவும் பொருந்தாத மீனாக இருக்கிறது. செட்டை மடிப்புமேல் மடிப்பாக விரிந்திருக்கும் ஆண்மீன்கள் தம் வாலின் பாரத்தையே இழுக்கமுடியாமல் தொட்டியின் அடியிற் கிடப்பதையும், சில வேளைகளில் அந்த வாலைத் தாமே கடித்துக்கொள்வதையும் பார்க்கலாம். உடல் முழுதும் தடித்த வெள்ளிச் செதில் படர்ந்த ‘டிராகன்’ வகையில் அச்செதில் கண்ணின் மேலும் வளர்ந்து பார்வையை மறைத்துவிடுவதுண்டு. இரட்டை வால் கொண்ட இரண்டைச் சேர்த்தால் உடல் குறுகி முதுகெலும்பு வளைந்த குஞ்சுகள் கூடுதலாக வரும் என்பதால், ஒன்று இரட்டை வாலாயின் மற்றையது ஒற்றை வாலாக இருக்கவேண்டும் என்பது அனுபவசாலிகள் பலரும் கடைப்பிடிக்கும் விதி. நான் தெரிந்தெடுத்தது குறுகிய செட்டையுள்ள நீலநிற ஆணையும், வேறொரு வளர்ப்பவரிடம் பிறந்த, அதனோடு உறவில்லாத பெண்ணையும். கடைக்காரர் இரண்டையும் ஒரே தொகுதியிலிருந்து தர முன்வந்தார். உடன்பிறந்தவையாக இருக்கக்கூடும் என்பதால் மறுத்துவிட்டேன்.

இரண்டையும் உடனே சேர்க்கவில்லை. புதிதாக வரும் எந்த மீனும் ஏறத்தாழ ஒரு மாதம் சாமான் அறையில், தனக்கென்ற வலையுடனும் தனக்கென்ற தண்ணீர்க் குழாயுடனும் இருக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இது மிகையாகத் தோன்றலாம். ஆனால் வெள்ளைப்புள்ளி நோயை எடுத்துக்கொள்ளுங்கள்: உடலில் உப்புக்கல் ஒட்டியதுபோலத் தெரியும் புள்ளிகளுக்குள் இருக்கும் கிருமியை மருந்து தொடாது, அது மீனை விட்டுப் பிரிந்து, அடியிற் படிந்து பெருகி, மீண்டும் தண்ணீரில் நீந்தி வரும் கட்டத்தில்தான் சாகும். புள்ளிகள் மறைந்ததும் குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்தினால், அடுத்த வாரம் முழுத் தொட்டிக்கும் தொற்றிவிடும். வெல்வெட் நோய் இன்னும் நுணுக்கமானது. அறை விளக்கை அணைத்து, டோர்ச் ஒளியைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் மட்டுமே, தோளிலிருந்து முதுகு வரை மஞ்சள் தூவியதுபோன்ற மெல்லிய பொன்னிறப் பொடி தெரியும். நான் வாங்கிய பெண்மீனில் அதைத்தான் கண்டேன். அந்தக் கிருமி ஒளியிலிருந்தும் உணவு தயாரிக்கக்கூடியது என்பதால், போத்தலைக் கறுப்புத் துணியால் மூடி, அளவோடு உப்பிட்டு, தண்ணீரை அடிக்கடி மாற்றிவந்தேன். பொடி முற்றாக மறைந்த பின்னரும் சிகிச்சையைச் சில நாட்கள் நீட்டினேன். பெண்மீன் தேறியது; பல்கனித் தட்டிலிருந்த மற்ற மீன்களில் ஒன்றுக்கும் அது தொற்றவில்லை.

தண்ணீரைப் பற்றிக் கொழும்பிலிருந்து எழுதுபவர் டெங்கைப் பற்றியும் எழுதியே ஆகவேண்டும். குழாயில் வருவது குளோரின் கலந்த நீர். அதை வாயகன்ற வாளியில் ஒரு நாள் விட்டுவைத்தோ, வளர்ப்பு மீன் கடைகளில் கிடைக்கும், குளோரினை நீக்கும் தயோசல்ஃபேற்றை இட்டோதான் மீனுக்குக் கொடுக்க முடியும். நாட்டு வாதுமையின் காய்ந்த இலையை ஊறவைத்தால் நீர் தேநீர் நிறமாகி, சற்றே அமிலத்தன்மை பெற்று மீனுக்கு இதமாகிறது. கொழும்பில் எல்லோரும் கொட்டம்பா என்று சொல்லும் அந்த மரம் கடற்கரை வீதி நெடுக நிற்பதால், புகை படாத உள்வீதி மரங்களிலிருந்து உதிர்ந்ததைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்துக்கொள்வேன். சிக்கல் என்னவென்றால், வாளி, இலை ஊறும் சாடி, குஞ்சுத் தீனிக்கான நுண்ணுயிர் வளரும் போத்தல் ஆகிய மூன்றும் நுளம்புக்கு மிக விருப்பமான இடங்கள். மீன் உள்ள போத்தலில் குடம்பி தங்காது, மீன் தின்றுவிடும். மீன் இல்லாத பாத்திரமே ஆபத்து. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி நுளம்பு பெருக இடமளிப்பது குற்றம். 2017இல் நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவான ஆண்டை நினைத்தால் அந்தக் கண்டிப்பு நியாயமே. எங்கள் தொடர்மாடிக்கு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பல்கனியைக் கண்டதும் முகம் சுளித்தார். ஒவ்வொரு வாளியின் வாயிலும் இழுத்துக் கட்டியிருந்த நுளம்பு வலையை விரலால் அழுத்திப் பார்த்து, இலைச் சாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்விளிம்பையும் பார்த்தார். ஏடிஸ் நுளம்பின் முட்டைகள் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டி, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், வாரந்தோறும் தண்ணீரை ஊற்றிவிடுவது மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வாளிகளுக்கென்று ஒரு தும்புப் பிரஷ் இருக்கிறது.

சோடி சேர்த்தல் பற்றிச் சொல்ல அதிகமில்லை, மீன்களே பார்த்துக்கொள்ளும். ஒரு சாண் கூட ஆழமில்லாத நீரில் ஆண் நுரைக்கூடு கட்டியதும், கண்ணாடித் தடுப்பின் மறுபுறத்திலிருந்த பெண்ணின் உடலில் செங்குத்தான கோடுகள் தெளிந்தன. தடுப்பை எடுத்த பின் முதலில் துரத்தலும் கடியும் நடக்கும். பெண் ஒளிய ஒரு செடிக் கொத்து கட்டாயம் தேவை. பிறகு கூட்டின் கீழ் ஆண் தன் உடலை வளைத்துப் பெண்ணைச் சுற்றிக்கொள்ள, இருவரும் ஒரு கணம் அசைவற்று மிதந்தனர்; ரவை போன்ற வெண்முட்டைகள் மெதுவாகக் கீழே விழ, தெளிந்த ஆண் ஒவ்வொன்றையும் வாயால் பொறுக்கி நுரையில் ஒட்டியது. முட்டையிட்டு முடிந்தவுடன் பெண்ணை எடுத்துவிட்டேன். இல்லையேல் ஆண் அதனைக் கொன்றுவிடக்கூடும். ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரித்து, குஞ்சுகள் வால் கீழாகத் தொங்கின. அவை கிடையாக நீந்தத் தொடங்கியதும் தந்தையையும் பிரித்தேன்.

கடினமான காலம் அதன்பின் வரும் மூன்று நான்கு வாரங்கள். முதலில் நுண்ணுயிர் நீர், பின்னர் உப்புநீரில் பொரிக்கவைத்த, ஆர்ட்டீமியா என்ற மிகச் சிறிய இறால்வகையின் குஞ்சு. ஃபைட்டர் நேரடியாகக் காற்றையும் சுவாசிக்கும் இனம். அதற்கான உறுப்பு இந்தப் பருவத்தில்தான் உருவாகிறது. நீருக்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பும் ஈரமுமாக இருக்கவேண்டும். கொழும்பின் வெக்கை இங்கே நமக்கு உதவி, ஹீற்றர் வாங்கவேண்டியதில்லை. ஆனால் குளிரூட்டிய அறையில் மூடியில்லாத தொட்டியை வைத்தால் குஞ்சுகள் மேலே வந்து எடுக்கும் ஒவ்வொரு மூச்சும் குளிர்காற்றாகும்.

முதுகு வளைந்தவை, நீந்தமுடியாதவை எல்லாத் தொகுதியிலும் சில வரும். அவற்றைக் கழிவறையில் ஊற்றுவது கொடுமை. இனாமாகக் கொடுத்து அவை மேலும் பெருக விடுவதும் சரியன்று. கராம்பு எண்ணெயை வெந்நீரில் குலுக்கிக் கரைத்து, ஆறவைத்து, மீன் இருக்கும் நீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் அது முதலில் மயங்கும். அதன்பின் அளவைக் கூட்டி, செவுள் அசைவு நின்று நெடுநேரம் கடந்த பின்னரே அகற்றவேண்டும். வளர்ந்த மீன் ஒன்று காரணமின்றி மெலிந்து முதுகு வளைந்தால் மீன் காசநோயாகவும் இருக்கலாம். அந்தக் கிருமி கையிலுள்ள கீறல் வழியாக மனிதத் தோலையும் தாக்கும் என்பதால், புண் இருக்கும் கையைத் தொட்டியில் வைப்பதில்லை.

குஞ்சுகளை வெள்ளவத்தைக் கால்வாயில் விட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட கொழும்பின் நீர்நிலைகளில், யாரோ தொட்டியிலிருந்து விட்ட கத்தி மீன் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது. தாய்லாந்தின் ஃபைட்டருக்கு உறவான, நுரைக்கூடு கட்டும் மல்புலுட்டா என்ற சிறுமீன் இலங்கையின் ஈரவலய ஓடைகளுக்கு மட்டுமே உரியது. வெளியூர் மீனும் அதன் நோயும் அங்கே போகக்கூடாது. எனவே எடுத்துச் செல்பவர் ஒவ்வொருவரிடமும், வைத்திருக்க முடியாவிட்டால் என்னிடமே திருப்பித் தரவேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். மூன்றாம் மாடிப் பையன் வந்து, “அங்கிள், ரெண்டு ஆண் தாங்கோ, ஒண்டாப் போட்டு விடுறன்” என்றான். “ஒண்டுதான் தம்பி. அதுவும் அம்மா ஓம் எண்டு சொன்னால்” என்றேன். மறுநாள் தாயாருடன் வந்து ஒன்றை எடுத்துப்போனான்.

ஆண்களுக்கு வீடு கிடைத்துவிடுகிறது, கடைகளும் எடுக்கின்றன. பெண்களைத்தான் யாரும் கேட்பதில்லை. கொப்பியில் நான் முன்கூட்டி எழுதிய பெயர்களில் பெண்மீனை ஏற்றவர்கள் மிகச் சிலரே. மிஞ்சிய உடன்பிறந்த பெண்கள் செடி அடர்ந்த நீளத் தொட்டியொன்றில் கூட்டமாக இருக்கின்றன. கடிபட்டுச் செட்டை கிழிந்த ஒன்றைப் பிரித்துவைக்க வெற்றுப் போத்தல் இரண்டு எப்போதும் தயாராக நிற்கும். அந்தத் தொட்டி நிறைந்திருக்கும் வரை அடுத்த சோடி இல்லை. நீல ஆண் தன் போத்தலில் நுரை கட்டிக்கொண்டிருக்கட்டும்.