டோட்டல் லாஸ் ஆன காரா என்று பார்ப்பது எப்படி

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் பழைய கார் தேடினால் கர்நாடகப் பதிவெண் வண்டிகள் கண்ணில் படும். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கிய வண்டியின் ரிப்பேர் செலவு ஐடிவியில், அதாவது பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை டோட்டல் லாஸ் என்று ஒதுக்கிவிடும், அப்புறம் அதே வண்டி ஏலத்தில் போய் டிங்கரிங், பெயின்டிங் முடிந்து ரோட்டுக்கே திரும்பிவிடும், ஆர்சியில் அந்தக் கதை எதுவும் இருக்காது.

அதனால் கதவு ரப்பர் பீடிங்கை இழுத்து, கதவை ஒட்டிய இரும்புத் தூணான பில்லரைப் பாருங்கள். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் என்றால் வட்ட வட்டமாக ஒரே இடைவெளியில் இருக்கும். கோணலாகவோ பட்டி பூசியோ இருந்தால் அங்கே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், பாதி விலைக்குக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் சேற்றுக்கறை அங்கேதான் ஒளிந்திருக்கும், கார்ப்பெட்டுக்கு அடியில் துருவும் இருக்கும்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையா? பல்பைக் கழற்றியிருக்கலாம், வெடித்த ஏர்பேக்கை மாற்றாமலே விட்டிருக்கலாம். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாயில் இறங்கப்போகிற வண்டி இது, ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

கர்நாடக வண்டி என்றால் அங்கத்திய ஆர்டிஓ தரும் என்ஓசி (தடையில்லாச் சான்று) வேண்டும், 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓடினால் தமிழ்நாட்டுப் பதிவெண்ணும் மாற்ற வேண்டும், வரி தனி. பழைய இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தைக் கேளுங்கள், தர மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.