"30 வீதம் கூடும்" எண்டு மட்டும் சொல்லாதீங்க

திருகோணமலைப் பக்கம் கர்ப்பிணி கிளினிக்கில, கர்ப்பத்தில போதைப்பொருள், புகையிலை பாவிக்கிறதின்ர ஆபத்தைப் பற்றி வகுப்பெடுக்கிற மருத்துவமாதுமாருக்கு: "ஆபத்து 30 வீதம் கூடும்" எண்டா, 100 பிள்ளையில 30 பிள்ளைக்குப் பாதிப்பு எண்டுதான் அம்மாமார் எடுப்பாங்க. உதாரணத்துக்கு, பாவிக்காத தாய்மாரின்ர 100 பிள்ளையில 10 பிள்ளைக்குப் பாதிப்பு எண்டா, பாவிக்கிற தாய்மாரின்ர 100 பிள்ளையில 13. அப்பிடியே சொல்லுங்க. வைத்தியர்களுக்கு எண்டா, சார்பு ஆபத்தோட (பாவிக்காதவையோட ஒப்பிட்டா ஆபத்து எத்தனை மடங்கு எண்டது) நம்பிக்கை ஆயிடையும் (உண்மையான அளவு எதுக்கும் எதுக்கும் இடையில இருக்கலாம் எண்டது) வேணும்.

பத்திரிகைக்கு எழுதினா எத்தனை பேரில செய்த ஆய்வு எண்டதை முதல் பந்தியிலேயே போடுங்க. 1985இல அமெரிக்காவில கொக்கேயின் பாவிச்ச 23 பெண்களை வச்சு வந்த சின்ன ஆய்வு "கிராக் பேபி" பீதிக்கு, அதாவது கொக்கேயின் பாவிச்ச தாயின்ர பிள்ளை வாழ்நாள் முழுக்கப் பாதிக்கப்படும் எண்ட பயத்துக்கு, எண்ணெய் ஊத்தினது. பிறகு வந்த நீண்டகால ஆய்வுகளில, பிள்ளையளைப் பாதிச்சதில கொக்கேயினை விட வறுமைதான் பெரிசாத் தெரிஞ்சுது. பீதி கிளம்பினா பாவிக்கிற தாய் ஒளிப்பா, கிளினிக்குக்கே வரமாட்டா.

இன்னொண்டு. "போதைப்பொருள் பாவிக்கிறீங்களா?" எண்டா வெத்திலை போடுற அம்மா "இல்லை" எண்டுதான் சொல்லுவா (அவவில பிழையில்லை). பாக்கு, புகையிலை, வீட்டுக்காரரின்ர சிகரெட் புகை எண்டு பேர் சொல்லிக் கேளுங்க.