காட்டு வாடிக்கு எடுத்துப்போகும் புத்தகங்கள்

மாமாவின் வாடிக்குப் போக அனுராதபுரம் வீதியில் பன்குளம் தாண்டி, கிறவல் பாதையில் இறங்கி நல்ல தூரம் உள்ளே போக வேண்டும். மண் சுவர், மேலே தகரம், முன்னால் ஒரு திண்ணை, பக்கத்தில் மாட்டுப் பட்டி, சுற்றிவரப் பாலையும் வீரையும் முதிரையும், அவ்வளவுதான் வாடி. கரண்ட் இல்லை. போனில் சிக்னல் வேண்டுமென்றால் குளக்கட்டு வரை நடக்க வேண்டும். திருகோணமலை டவுனில் கடலைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, வருஷத்தில் இரண்டு தடவையாவது அங்கே போய் மூன்று நாலு நாள் இருந்து வாசிக்காவிட்டால் மனசு ஒரு இடத்தில் நிற்காது.

முதல் தடவை ஏழு புத்தகம் கொண்டு போனேன். பையைத் தூக்கிப் பார்த்த மாமா, "என்ன பிள்ளை, சோதனைக்குப் படிக்கவோ வந்தனீ?" என்று கேட்டார். அந்த ஏழில் மூன்று துப்பறியும் கதைகள். முதல் நாளே இரண்டு முடிந்துவிட்டன. கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகு அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்க மனம் வரவில்லை, இன்னும் மூன்று நாள் இருக்கிறது, காட்டில் ஒரு பகல் என்பது டவுனில் இரண்டு பகல். அதற்குப் பிறகு நான் மூன்று புத்தகத்துக்கு மேல் எடுப்பதில்லை, அந்த மூன்றும் கடைசிப் பக்கம் முடிந்ததும் திரும்ப முதல் பக்கத்துக்குப் போக வைப்பவையாக இருக்க வேண்டும்.

இந்த யோசனையை எனக்குத் தந்தவர் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல்காரர். எங்கள் கொட்டியாரக் குடாவில், மூதூர்ப் பக்கத்தில் பிடிபட்டவர். புயலில் பாய்மரம் சேதமான கப்பலைத் திருத்த 1659ஆம் ஆண்டு அங்கே வந்து, அடுத்த வருஷம் தகப்பனோடும் மற்றவர்களோடும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டுக்கொண்டார். பத்தொன்பது வருஷத்துக்கு மேல் சிறை, ஆனால் சிறைக்கூடம் இல்லை, மலைநாட்டுக் கிராமங்களில் காவலில் வைத்திருந்தார்கள். அவரிடம் இருந்தவை இரண்டே இரண்டு பக்திப் புத்தகங்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியில் போய் மரத்தடியில் இருந்து பொழுதுபடும் வரை வாசிப்பது வழக்கம் என்று எழுதுகிறார். வாசித்து வாசித்து இரண்டும் ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டன. அப்புறம் ஒரு நாள் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்த வழியால் வந்த ஒரு கிழவர், போர்த்துக்கேயர் கொழும்பை விட்டுப் போனபோது தனக்குக் கிடைத்த ஒரு புத்தகம் இருக்கிறது, வாங்குகிறீர்களா என்று கேட்கிறார். பார்த்தால் ஆங்கில பைபிள்! கையிலிருந்த ஒரே பொற்காசையே கொடுத்துவிடத் துடிக்கிறார், கடைசியில் பின்னிய தொப்பி ஒன்றுக்கு அது அவர் கைக்கு வந்து சேர்கிறது. இந்தப் பகுதியை நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை, ஒவ்வொரு தடவையும் அந்தக் கிழவர் வேறு பாதையால் போய்விடுவாரோ என்று பதறும்.

1679இல் அவரும் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற நண்பரும் அனுராதபுரக் காட்டுக்குள்ளால், அருவி ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டு, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிப் போனார்கள். யானைகளுக்கும் கரடிகளுக்கும் நடுவில் நடந்த அந்தப் பயணத்தை, அதே வகைக் காட்டின் ஓரத்தில் இருந்து வாசிக்கும்போது கால் தானாகத் திண்ணைக்கு மேலே ஏறிவிடுகிறது. 1681இல் லண்டனில் வெளிவந்த புத்தகம், பெயர் ‘An Historical Relation of the Island Ceylon’, பழைய ஆங்கிலம் முதலில் கொஞ்சம் முரண்டுபிடிக்கும், இருபது பக்கத்தில் பழகிவிடும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

இரண்டாவது, விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் வங்க நாவல், தமிழில் ‘வனவாசி’. கல்கத்தாவில் வேலையில்லாமல் திரிந்த சத்தியசரண் பீகார்க் காட்டில் ஒரு பெரிய எஸ்டேட்டை நிர்வகிக்கப் போகிறான். முதலில் தனிமை தாங்க முடியவில்லை, ஓடிவிடலாமா என்றிருக்கிறது, பிறகு மெல்ல மெல்லக் காடு அவனைத் தன் ஆளாக்கிவிடுகிறது. அவனுடைய வேலையோ அந்தக் காட்டைத் துண்டு துண்டாகக் குடியேறுபவர்களுக்குக் குத்தகைக்குக் கொடுப்பது! தான் நேசிக்கிற காட்டைத் தன் கையெழுத்தாலேயே அழிக்கிறான். அதில் யுகள்பிரசாத் என்று ஒரு மனிதர் வருவார், எங்கெங்கிருந்தோ பூச்செடிகளும் விதைகளும் தேடிக்கொண்டு வந்து ஒரு வாவிக் கரைக் காட்டில் யாருக்கும் சொல்லாமல் நட்டுக்கொண்டிருப்பார், காசுக்கும் இல்லை, பெயருக்கும் இல்லை. அவர் வரும் பக்கங்களை நான் வேண்டுமென்றே மெதுவாக வாசிப்பேன். எங்கள் பக்கத்தில் சவண்டலை என்று ஒரு மரம், மரவியாபாரத்தில் உலகம் முழுக்க ‘திருகோணமலை மரம்’ என்றே பெயர், அதில் ஒரு நல்ல பெரிய மரத்தைக் காட்டச் சொன்னால் மாமா யோசித்துத்தான் கூட்டிப்போகிறார். ‘வனவாசி’ வாசித்த பிறகுதான் நான் அவரிடம் அப்படிக் கேட்கவே தொடங்கினேன்.

பயப்பட ஆசையென்றால் ஜிம் கார்பெட், தி.ஜ.ர. மொழிபெயர்த்த ‘குமாயுன் புலிகள்’. 436 பேரைக் கொன்ற சம்பாவத் புலியின் கதையெல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் நாட்டில் புலி கிடையாது, சிறுத்தைதான். ஆனாலும் கார்பெட்டிடம் படிக்க வேண்டியது காது கொடுப்பதை. எந்த மிருகம் கத்துகிறது, எந்தத் திசையில், ஏன் சட்டென்று நிறுத்தியது என்று அவர் கணக்குப் போடும் விதத்தை வாசித்துவிட்டு வெளியே ஆட்காட்டிக் குருவி கத்தினால், புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்கத் தோன்றும். இதைப் பகலில் மட்டும் வாசியுங்கள், தனியாக இருந்தால் கட்டாயம் பகலில்தான். லெனர்ட் வூல்ஃப் அம்பாந்தோட்டையில் அரசாங்க அதிகாரியாக இருந்த அனுபவத்தில் எழுதி 1913இல் வெளிவந்த ‘The Village in the Jungle’ என்ற பெத்தகம கிராமத்தின் கதையையும் ஒரு தடவை கொண்டுபோனேன். மகத்தான நாவல். ஆனால் காடு கொஞ்சம் கொஞ்சமாக ஊரை விழுங்கும் கதையைக் காட்டுக்குள் இருந்து முடித்த அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை, அதனால் இப்போது அதை வீட்டில்தான் வாசிப்பேன்.

கவிதை என்றால் ‘முல்லைப்பாட்டு’. நப்பூதனார் பாடியது, 103 அடிகள், பத்துப்பாட்டில் மிகச் சிறியது, ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் வாசித்து முடிக்கலாம், ஆனால் ஒரு நாள் முழுக்க வைத்திருக்கவும் முடியும். முல்லைக்குப் பொழுது கார்காலத்து மாலை. அந்தக் கார்காலம் ஆவணி, புரட்டாசி. எங்களுக்கோ ஆவணியில் கச்சான் காற்று மண்ணை வாரி அடிக்கும், மழை ஐப்பசிக்குப் பிறகுதான். அதனால் மார்கழி விடுமுறையில் போகும்போதுதான் இதை எடுப்பேன். போருக்குப் போன தலைவன் வருவானா என்று நிமித்தமாக ஒரு நற்சொல் கேட்கப் போகும் முதிய பெண்களின் காதில், தாய்ப் பசுவைக் காணாமல் தவிக்கும் கன்றுக்கு இடைப்பெண் ஒருத்தி சொல்லும் ஆறுதல் விழுகிறது: "இன்னே வருகுவர் தாயர்." போன மார்கழியில் நான் இந்த இடத்தில் இருந்தபோது பட்டியில் மாமி கன்றுக்குட்டியின் கழுத்தைத் தடவிக்கொண்டு, "வந்திடுவா, அம்மா இப்ப வந்திடுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஏனென்று கேட்ட மாமிக்கு அந்த வரியை வாசித்துக் காட்டினேன், "ஓம், வேற என்னத்தச் சொல்றது அதுக்கு?" என்றார்.

கடல் நினைவு வந்துவிட்டால் மூதூர் வ.அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ கதைகள். காட்டுக்குள் இருந்துகொண்டு எங்கள் குடாக் கடலை வாசிப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது, அதை விளக்க எனக்குத் தெரியவில்லை.

சில சின்ன விஷயங்கள். புத்தகங்களை மூடி இறுக்கமான பிஸ்கற் டின்னில் போட்டு வையுங்கள், கறையானுக்கு ஒரு இரவே போதும். இரவில் விளக்கு வைத்து வாசிக்கலாம் என்று கனவு காணாதீர்கள், மழைக்காலத்தில் ஈசல் பக்கத்தை மூடிவிடும், யானை வந்தால் மாமா வெடி கொளுத்துவார், அதோடு அன்றைய வாசிப்பு சரி. விடிந்து வெயில் ஏறும் வரைக்கும்தான் நல்ல நேரம். பாலைப்பழக் காலத்தில் போகிறவர்கள் மரத்தடியில் வாசிப்பதை விட்டுவிடுங்கள், அந்தப் பழம் கரடிக்கும் பிடிக்கும்.

கடைசியாக ‘நிலக்கிளி’. அ. பாலமனோகரன் எழுதி 1973இல் வீரகேசரி வெளியிட்ட நாவல். வன்னியில் தண்ணிமுறிப்புக் காட்டோரம், கதிராமன், பதஞ்சலி. இந்தப் புத்தகத்தை மட்டும் நான் அங்கே தனியாக வாசிப்பதில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், வெளிச்சம் மிச்சமிருக்கும்போது திண்ணையில் இருந்து சத்தமாக வாசிப்பேன். மாமா கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்பார், வேட்டை பற்றி வந்தால் "ஓம், சரியாத்தான் எழுதியிருக்கு" என்பார், சில இடத்தில் "பொறு பொறு, திரும்ப வாசி" என்பார். மாமி பதஞ்சலிக்காகக் கவலைப்படுவார். போன தடவை பாதியில் நான் டவுனுக்குத் திரும்ப வேண்டியதாகிவிட்டது, புத்தகத்தைப் பையில் வைக்கப் போனபோது மாமி கையிலிருந்து வாங்கி டின்னுக்குள் வைத்துக்கொண்டார். வாசிக்கத் தெரியாது அவருக்கு. "அது இஞ்ச கிடக்கட்டும் பிள்ளை, நீ வந்து மிச்சத்தை வாசி" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை போகிறேன்.