குதிரைக்குப் போட்ட பாதையில் என் சைக்கிள்

லண்டன் ரீஜண்ட்ஸ் கால்வாய்க் கரையில் நடக்கிறவர்களுக்குச் சைக்கிள்காரர்களைக் கண்டாலே ஆகாது. நியாயம்தான். காலையில் ஆபீசுக்குப் பறப்பவர்கள் பாலத்தடி வளைவில் திரும்பும் வேகத்தைப் பார்த்தால் எனக்கே வயிற்றைக் கலக்கும். அந்தக் கரையைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலராக நானும் சைக்கிளில்தான் போகிறேன் என்பதால், குப்பையில் கை வைப்பதற்கு முன்பே திட்டு வாங்குவதும் உண்டு. "நீங்களுமா?" என்று ஒரு பாட்டி நாய்க்குட்டியைக் காலோடு இழுத்து அணைத்தபடி கேட்டார். இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் அவரோடு நடந்தேன். இப்போது எங்கே கண்ணாடிச் சில்லு கிடக்கிறது என்று எனக்குத் தகவல் சொல்வதே அவர்தான்.

இந்தப் பாதை சைக்கிளுக்காகப் போட்டதல்ல. கால்வாய் முழுதாகத் திறந்தது 1820-ல். சரக்குப் படகுகளைக் குதிரைகள் கயிறு கட்டி இழுத்தன. அவை நடக்கத்தான் இந்தக் கரை. ரீஜண்ட்ஸ் பார்க் பக்கம் மேக்கிள்ஸ்ஃபீல்ட் பாலத்தின் இரும்புத் தூண்களைத் தடவிப் பாருங்கள், கயிறு உரசி உரசி அறுத்த பள்ளங்கள் விரலில் தட்டுப்படும். 1874-ல் வெடிமருந்து ஏற்றிப்போன படகு ஒன்று அடியிலேயே வெடித்து, பாலம் சிதறிவிட்டது. மறுபடி கட்டும்போது அதே தூண்களைத் திருப்பி நட்டார்கள். அதனால் பழைய பள்ளம் ஒரு பக்கம், புதுப் பள்ளம் மறுபக்கம். வேகத்தைப் பற்றி யாராவது சண்டைக்கு வந்தால் இந்தத் தூணைக் காட்டிக் கதை சொல்வேன். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும்.

சைக்கிள் எதற்கு என்றால், சாமான் சுமக்க. பின்பையில் இடுக்கி, சாக்கு, கிளை வெட்டும் கத்தரி, கையுறை. மிதவை வளையங்கள் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். கோடையில் தண்ணீர் முழுக்க டக்வீட் என்ற மிதக்கும் பச்சைப் பாசிச்செடி மூடிப் புல்தரை மாதிரி ஆகிவிடும்; தரை என்று நம்பி நாய்கள் குதித்துவிடும். வசந்தத்தில் கூட் என்ற கறுப்பு நீர்ப்பறவைகள் பிளாஸ்டிக் உறைகளையும் சேர்த்துக் கூடு கட்டும். அந்தக் குப்பையை மட்டும் நான் தொடுவதில்லை, குஞ்சுகள் வெளியேறட்டும்.

செயின்ட் ஜான்ஸ் வுட்டிலிருந்து சிட்டி ரோடு வரை பாதைக்கு அடியில் 400 கிலோவோல்ட் மின் கேபிள்கள் ஓடுகின்றன. அவற்றைக் குளிர வைப்பதே இந்தக் கால்வாய்த் தண்ணீர்தான். எனவே மண்வெட்டி வேலை கிடையாது. கல் ஆடினால் படம் எடுத்து, பக்கத்துப் பாலத்தின் பெயரோடு அனுப்பிவிடுவேன்.

மணி அடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தூரத்திலேயே மெதுவாக இரண்டு தட்டு. கிட்டே வந்து அடித்தால் மனிதர்கள் துள்ளுவார்கள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தண்ணீர். நடப்பவருக்கே முன்னுரிமை என்பது இங்கே விதி, ஆனால் பலகையில் எழுதி வைத்தால் யார் படிக்கிறார்கள்? வேகத்தடை போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேகமாக வருகிறவன் தாவிவிடுவான், சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும்தான் தட்டுத் தடுமாறும். அதைவிட, குறுகலான பாலத்தடியில் நானே இறங்கி உருட்டுகிறேன். பின்னால் வருகிறவர்களும் வேறு வழியில்லாமல் உருட்டுவார்கள், முணுமுணுத்துக்கொண்டே.

இஸ்லிங்டன் சுரங்கத்தோடு என் பகுதி முடிகிறது. 878 மீட்டர் நீளம், உள்ளே கரைப்பாதை கிடையாது. அந்தக் காலத்தில் குதிரையை மேட்டுத் தெரு வழியாக நடத்திப்போக, படகுக்காரர்கள் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்தே படகைத் தள்ளினார்களாம். நானும் தெரு வழியாகத்தான் போக வேண்டும். மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர் லாக் என்ற, படகை ஏற்றி இறக்கும் மதகின் அருகே முட்கொடி வெட்ட என் கத்தரியைக் கேட்டிருக்கிறார். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கணும்.