மொட்டை மாடியில் நிழல்வலைக் கூடம்: அளவும் செலவும்

ஜனவரி 18, 2025, சனி

சென்னையில் ஏப்ரல் வெயில் தொடங்குவதற்குள் செடி வளர்க்கும் நிழல்வலைக் கூடம் நிற்க வேண்டுமானால் இப்போதே கணக்குப் போட்டாக வேண்டும். மாடியில் காலியாகக் கிடக்கும் இடத்தை அளந்து, அதுதான் கூடத்தின் அளவு என்று வைத்துக்கொள்வது வழக்கம். அங்கேதான் செலவு எகிறுகிறது. தளம் தாங்கும் எடை, காற்று, கடையில் கிடைக்கும் வலையின் அகலம், குழாயின் நீளம் இந்த நான்கையும் பார்த்துவிட்டுத்தான் அளவுக்கு வர வேண்டும்.

முதலில் எடை. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன். நம் கணக்கில் சுமார் 150 கிலோ, சதுர அடிக்கு 14 கிலோ. ஓர் அடி அகலம், ஓர் அடி உயரமுள்ள செடிப் பையில் முக்கால் பங்குக்கு மேல் மண் கலவை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 20 கிலோ வரும். பைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கினால் வரம்பு தாண்டிவிடும். நடைபாதை விடுவது நடக்க மட்டுமில்லை, எடையைப் பரப்பவும்தான். இந்தக் கணக்கு கான்கிரீட் தளத்துக்கு மட்டும். மரக்கட்டைமேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடென்றால், பொறியாளர் வந்து பார்க்காமல் ஒரு பைகூட ஏற்றக் கூடாது.

ஜனவரி 19, ஞாயிறு

வலையா, பாலிகார்பனேட் ஷீட்டா? குளிர் நாடுகளில் வீட்டை ஒட்டிக் கண்ணாடி அறை கட்டுவது வெயிலின் சூட்டைப் பிடித்து வைக்க. சென்னைக்கு அந்தச் சூடு வெளியே போக வேண்டும். ஷீட் போட்டு மூடினால் மே மாதம் செடி வதங்கும்.

காற்றும் ஷீட்டுக்கு எதிராகவே பேசுகிறது. அதே தரநிலையில் சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர்; கோவைக்கும் மதுரைக்கும் 39. ஐம்பது மீட்டர் வேகத்தில் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 16 சதுர மீட்டர் கூரையில் அது 2,400 கிலோவைத் தொடும். தளத்தைத் துளைக்காமல் வெறும் கான்கிரீட் கட்டைமேல் நிற்கும் சட்டத்தால் அதைத் தாங்க முடியாது. வர்தா போன்ற புயல் வருகிறதென்றால் வலையை ஒரு மணி நேரத்தில் அவிழ்த்துச் சுருட்டி வைக்கும்படி கட்டியிருக்க வேண்டும். எனவே வலைதான்.

ஜனவரி 25, சனி

இன்று அளவு முடிவானது: நீளம் 6 மீட்டர், அகலம் 2.7 மீட்டர், உயரம் 2.4 மீட்டர். கிட்டத்தட்ட 174 சதுர அடி.

அகலம் ஏன் 2.7? வலை 3 மீட்டர் அகலத்தில் வாங்குகிறோம். சட்டத்தையும் 3 மீட்டரில் செய்தால் மடித்துக் கட்ட விளிம்பு இருக்காது. கடைசியில் இழுத்துக் கட்டி, கட்டின இடத்திலேயே கிழியும். பக்கத்துக்கு 15 செ.மீ. மடிப்பு வேண்டும்.

குழாய் 40×40 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சதுரக் குழாய், 2 மி.மீ. கனம். ஒரு நீளம் 6 மீட்டர், எடை ஏறக்குறைய 14 கிலோ. கால்கள் 6: ஒரு நீளத்தில் 2.4 மீட்டர் கால் இரண்டு போக 1.2 மீட்டர் மிச்சம். அதைப் பாதியாக வெட்டினால் மூலைச் சாய்வுத் தாங்கி இரண்டு. மேல் நீளச் சட்டத்துக்கு 2 குழாய். குறுக்குச் சட்டம் 5, அதற்கு 3 குழாய். அதன் மிச்சத்திலும் தாங்கி கிடைக்கும். மொத்தம் 8 குழாய், 112 கிலோ. பத்துத் தாங்கிகள் தேவை, வெட்டில் 13 வரும். உயரத்தை 2.7 ஆக்கினால் கூடுதல் காற்று பிடிக்கும், தாங்கியும் வெட்டில் பத்துக்கு மேல் வராது.

ஆறு மீட்டர் குழாய் மாடிப்படி வளைவில் திரும்பாது. கீழேயே மூன்று மூன்று மீட்டராக வெட்டி, நடுக்காலின் தலையில் இணைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 1, சனி

உள்ளே ஐந்து வரிசை: ஓரங்களில் இரண்டிரண்டு, நடுவில் ஒன்று, இடையில் 60 செ.மீ. பாதை இரண்டு. பைக்குப் பை 45 செ.மீ. வைத்தால் வரிசைக்கு 13. சட்டத்தின் கால்கள் நிற்கும் கான்கிரீட் கால்கட்டைகள் ஆறு இடம் பிடிப்பதால் 59 பை, 1,180 கிலோ. கட்டை, சட்டம், இரண்டு ஆள் எல்லாம் சேர்த்தாலும் 1,850 கிலோவுக்குள் நிற்கும், அனுமதி 2,430.

கால்கட்டை 30 செ.மீ. கனசதுரம், ஒன்று 65 கிலோ. முடிந்தவரை உத்திரத்துக்கோ சுவருக்கோ நேர்மேலே உட்கார வேண்டும். மழைநீர்க் குழாயின் வாயை எந்தப் பையும் மறைக்கக் கூடாது. பைகளைச் செங்கல்மேல் தூக்கி வைத்தால்தான் தளம் காயும். தட்டோட்டின் இடுக்கில் ஈரம் தேங்கினால் கீழ் வீட்டு விட்டத்தில் தெரியும்.

கலவைக்குச் செம்மண், தென்னைநார்க் கழிவு, மட்கிய உரம் சம பங்கு. பைக்கு 18 லிட்டர் என்றால் ஒவ்வொன்றும் 354 லிட்டர். ஐந்து கிலோ நார்க்கட்டி ஆறு போதும்.

பிப்ரவரி 8, சனி

செலவு (விலைகள் கடைக்குக் கடை மாறும், கணக்குக்காக வைத்தவை):

குழாய் கிலோ 80 ரூபாய் வீதம் 8,960. அடித்தகடு, எம்12 போல்ட் 2,000. சிமென்ட் ஒன்றரை மூட்டை, எம்-சாண்ட், ஜல்லி 1,500. வலை 13 மீட்டர், அதாவது 39 சதுர மீட்டர், 35 ரூபாய் வீதம் 1,365. இது கூரைக்கும் மேற்குப் பக்கத்துக்கும். ஐலெட் (கயிறு கோக்கும் உலோக வளையம்), கயிறு 500. வெல்டர், உதவியாள் கூலி 5,000. மேலே ஏற்றுகூலி 1,000. துத்தநாகப் பெயின்ட் 700. கூட்டினால் 21,025, எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம் சேர்த்து சுமார் 23,100. பையும் கலவையும் தனி, பைக்கு 120 என்றால் 7,080.

பெயின்ட் 700 ரூபாயை மட்டும் யாரும் குறைக்க வேண்டாம். வெல்டிங் சூட்டில் ஜி.ஐ. பூச்சு எரிந்துபோகும்; துரு முதலில் பிடிக்கும் இடம் அந்த மூட்டுதான். பொருக்கைத் தட்டி எடுத்துவிட்டு இரண்டு கை பூச வேண்டும்.

வலை 50 சதவீதம் நிழல். கீரைக்கும் நாற்றுக்கும் அது சரி. தக்காளி, கத்தரிக்கு ஏப்ரல், மே மட்டும் விரித்துவிட்டுப் பிறகு கழற்றிவிடலாம். வெள்ளை கேபிள் டை வெயிலில் நொறுங்கும். விளிம்பை இரண்டாக மடித்து ஓரடிக்கு ஓர் ஐலெட் அடித்து, நைலான் கயிற்றை ஒரே ஓட்டமாகக் கோத்துக் கட்டினால், முடிச்சு ஒன்றை அவிழ்த்ததும் ஒரு பக்கம் முழுவதும் கையோடு வந்துவிடும்.