ஃபெஸ் நகரில் அம்மாவுக்கு ஒரு தரைத்தள அறை

அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் மொராக்கோவின் ஃபெஸ் நகரில் தங்க இடம் தேடும்போது அறையின் அழகைவிட அது எந்த மாடியில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். அங்குள்ள சின்ன ஹோட்டல்கள் பலவும் 'ரியாத்' எனப்படும் பழைய வீடுகள். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், செங்குத்தான குறுகிய படிகள். லிஃப்ட் இருப்பது அபூர்வம். முற்றத்தை ஒட்டிய தரைத்தள அறை கேட்டு எழுதியிருக்கிறேன். வெளியே பேசுவது உள்ளே கேட்கும்தான். "ஆள் நடமாட்டம் இருந்தா நல்லதுதானே" என்கிறார் அம்மா.

பெரிய கவலை பெட்டிகள். 1981இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்தப் பழைய நகருக்குள் கார் நுழையாது. சந்துகளில் சரக்கு சுமப்பவை கழுதைகளும் தள்ளுவண்டிகளும். எந்த வாசல்வரை டாக்ஸி வரும், அங்கிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், வழிகாட்ட ஆள் வருவாரா என்று கேட்டேன். ஒரு ரியாத்திலிருந்து மட்டும் வழியில் எங்கெங்கே படிகள் என்பது உட்பட விவரமாகப் பதில் வந்தது. வாடகை கொஞ்சம் கூடத்தான். இருந்தாலும் மனம் அங்கேதான் நிற்கிறது. ரத்து விதிகளைப் படித்துவிட்டு இந்த வாரமே முன்பணம் கட்டிவிடுவேன்.